இருக்கு சரி, எவ்வளவு இருக்கு?

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்து அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேசையில் அந்த ஹெல்மெட் இருக்கும். தாடைப் பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவு உலோக வலை, அதிலிருந்து நாலைந்து ஒயர், பக்கத்தில் ஒரு பேட்டரி. மாணவன் பஞ்சில் சானிடைசரை நனைத்து அருகே கொண்டுபோவான். பஸ்ஸர் அலறும். “குடிச்சிட்டு வண்டி எடுத்தா ஸ்டார்ட்டே ஆகாது சார்” என்பான். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இன்னும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கண்காட்சிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்பது ஒரே கேள்விதான்: “எவ்வளவு இருந்தா அலறும், தம்பி?” பெரும்பாலும் பதில் வராது. “ஆல்கஹால் இருந்தா அலறும் சார்” என்று முதலில் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள்.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது ஒரு வேலை. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது வேறு வேலை. முதலாவதற்கு இருநூறு ரூபாய்ச் சென்சார் போதும். இரண்டாவதற்கு அதே சென்சாரோடு கொஞ்சம் பொறுமையும், ஒரு தராசும், ஒரு வரைபடத் தாளும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை நம் டெல்டாப் பள்ளியில், நம் கைக்கு எட்டும் பொருள்களை வைத்து எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வலைக்குள் என்ன இருக்கிறது?

கடையில் ‘எம்.கியூ-3’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அர்டுயினோ பலகை வைத்து விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். 2016 முதல் நிதி ஆயோக் பள்ளிகளில் அமைத்துவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாக இந்த மாதிரிச் சென்சார்கள் கிராமப் பள்ளிகள் வரை வந்துவிட்டன.

வலையைத் தாண்டி உள்ளே இருப்பது ஒரு சிறு பீங்கான் குழல். அதன் மேல் டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீய ஆக்சைடு, பூசியிருக்கிறது. குழலுக்குள் ஒரு கம்பிச் சுருள் ஓடுகிறது. 5 வோல்ட் கொடுத்தால் சூடாகும். சென்சாரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். உள்ளே பூச்சின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரி.

அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பூச்சின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது பூச்சிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓட எலக்ட்ரான் வேண்டுமல்லவா? அது குறைந்ததால் மின்தடை கூடிவிடுகிறது. இப்போது எத்தனால் ஆவி வந்தால் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதைக் காலி செய்கிறது. பிடிபட்ட எலக்ட்ரான்கள் பூச்சுக்கே திரும்புகின்றன. மின்தடை விழுகிறது. எவ்வளவு விழுந்தது என்பதைத்தான் அர்டுயினோ 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகக் காட்டுகிறது.

இந்த வித்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் நவோயோஷி டகுச்சி என்பவர் 1962-இல் டின் ஆக்சைடு வாயுச் சென்சாருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சமையல் எரிவாயு கசிந்து வீடுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் தேடியது கசிவைக் கண்டு கூவும் ஒரு மலிவான காவல்காரனை. கண்காட்சி ஹெல்மெட்டில் இருப்பது அந்தக் காவல்காரனின் வாரிசுதான். கூவத்தான் பிறந்தது. அளக்க வைப்பது நம் பொறுப்பு.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. திருச்சி சாலையில் திருமலைசமுத்திரத்தில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் சாஸ்திராவில், துத்தநாக ஆக்சைடு மென்படலங்களை வைத்து வாயுச் சென்சார் செய்யும் ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. துத்தநாக ஆக்சைடோடு காட்மியம் ஆக்சைடு கலந்த நுண்படலம் மற்ற ஆவிகளைவிட எத்தனாலைத் தேர்ந்து உணர்வதைப் பற்றி அங்குள்ள ஆய்வாளர்கள் 2012-இல் ‘மெட்டீரியல்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் எழுதினார்கள். ‘தேர்ந்து உணர்வது’ என்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. கடையில் வாங்கும் சென்சாருக்கு அந்தத் தேர்ச்சி குறைவு. அந்த வம்புக்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீரை அல்ல, காற்றை

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு நொதிக்கவிட்டிருக்கிறோம். அதில் எத்தனால் எத்தனை சதவீதம்? சென்சாரைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க முடியாது. முக்கினால் செத்துவிடும். தண்ணீருக்கு மேலே உள்ள காற்றில்தான் அதைப் பிடிக்க வேண்டும். ஆகவே அது சொல்வது காற்றில் உள்ள ஆவியின் அளவை. அதிலிருந்து தண்ணீரில் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

மூடிய புட்டியில் தண்ணீரில் உள்ள எத்தனாலுக்கும் மேலே உள்ள ஆவிக்கும் ஒரு கட்டுப்பாடான விகிதம் உண்டு. ஹென்றி விதி என்று பதினோராம் வகுப்பில் படிப்போம். 30 டிகிரி வெப்பத்தில் 3 சதவீதக் கரைசலுக்கு மேல் நிற்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 6, 7 மில்லிகிராம் எத்தனால் இருக்கும். எம்.கியூ-3 சென்சாருக்குத் தயாரிப்பாளர் குறிப்பு சொல்லும் எல்லை லிட்டருக்கு 0.05 முதல் 10 மில்லிகிராம் வரை. ஆக, நம் பள்ளிச் சோதனை அதன் கைக்குள் அடங்கும். 10, 20 சதவீதக் கரைசலை வைத்தால் அடங்காது. எண் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்த விகிதம் வெப்பத்துக்கு அடிமை. ஒரு டிகிரி ஏறினால் ஆவி ஏறத்தாழ 6.5 சதவீதம் கூடும். காலையில் 26 டிகிரியில் அளந்த அதே கரைசலை மதியம் 34 டிகிரியில் ஓட்டுக்கூரை ஆய்வகத்தில் அளந்தால் ஆவி ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். புட்டிக்குள் எதுவும் மாறவில்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது. பிள்ளைகளோ “நொதித்தல் வேகமாயிடுச்சு சார்” என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். அதனால் புட்டிகளை ஒரு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் நிறுத்தி, தெர்மாமீட்டர் போட்டு, எப்போது அளந்தாலும் ஒரே வெப்பத்தில் அளக்க வைப்பேன்.

அடுத்த எதிரி ஈரம். டின் ஆக்சைடு ஈரக்காற்றுக்கும் அசையும். ஐப்பசி அடைமழையில் எழுதிய எண்ணையும் சித்திரை வெயிலில் எழுதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. வெறும் தண்ணீர் ஊற்றி மூடிய புட்டியில் வைத்தாலே எண் கொஞ்சம் ஏறும். அந்தப் புட்டி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது காட்டும் எண்தான் நம் பூஜ்யம்.

மூன்றாவது எதிரியைப் பலர் கவனிப்பதில்லை. நொதிக்கும் புட்டியின் மேற்பகுதி முழுக்கக் கரியமில வாயு. அது காற்றைவிடக் கனம். ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். சென்சாரோ ஆக்சிஜனை நம்பி வேலை செய்வது. நொதிக்கும் புட்டிக்குள்ளேயே அதைத் தொங்கவிட்டால் அது உளறும். புட்டியிலிருந்து 20 மில்லி திரவத்தை எடுத்து, சுத்தமான காற்றுள்ள வேறொரு புட்டியில் ஊற்றி, மூடியில் துளையிட்டுச் சென்சாரைப் பொருத்தி, ஐந்து நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். சென்சார் முகத்தில் பிளம்பர் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று போட்டுவிட்டால் ஆவி போகும், தண்ணீர்த் துளி போகாது. புதுச் சென்சாரை முதல் தடவை ஒரு முழு நாளாவது மின்சாரத்தில் போட்டுச் சூடாக்கிய பிறகே நம்ப வேண்டும்; அதுவரை எண் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும்.

கொள்முதல் நிலையத்துப் பாடம்

இதையெல்லாம் நகரத்துப் பிள்ளைக்கு விளக்க நேரமாகலாம். டெல்டாப் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் போதும்: “இது டிபிசி-யில ஈரம் பார்க்குற மெஷின் மாதிரி.”

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அம்பாரமாய்க் குவித்த நெல்லிலிருந்து ஒரு கை அள்ளிக் கருவியில் போடுவார்கள். 17 சதவீத ஈரத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். மழைக்காலங்களில் இந்த வரம்பைச் சில தடவை 19, 20 என்று தளர்த்தியிருக்கிறார்கள். கருவி காட்டும் எண்ணில்தான் அந்தப் போகத்துப் பணம் நிற்கிறது. ஆனால் அந்தக் கருவி ஈரத்தை நேரே பார்ப்பதில்லை. நெல்லின் மின்குணத்தைப் பார்த்து ஈரத்தை ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கு ஆதாரம் எங்கே? ஆய்வகத்தில் நெல்லை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்து, குறைந்த எடைதான் ஈரம் என்று கண்ட கணக்கில். நிறுத்துக் கண்டதை வைத்துத்தான் கருவியைப் பழக்குகிறார்கள். பழக்காத கருவி எந்த எண்ணையும் காட்டும்.

எத்தனால் சென்சாரும் அப்படியேதான். எவ்வளவு என்று நமக்கு முன்பே தெரிந்த கரைசல்களை அதற்குக் காட்ட வேண்டும். 0.5, 1, 2, 3 சதவீதம் என நான்கு கரைசல். எத்தனாலைப் பள்ளியில் வாங்கி வைப்பது மதுவிலக்குச் சட்ட அனுமதிகளோடு தொடர்புடைய விவகாரம். நான் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பரிடம் அளந்து கலந்து வாங்கி வருவேன். வெறுந்தண்ணீரையும் சேர்த்து ஐந்து புட்டி. ஒரே வெப்பத்தில் ஒவ்வொன்றாகப் படித்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தால், பிள்ளைகள் எதிர்பார்க்கும் நேர்க்கோடு வராது. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போகப் படுத்துவிடும் வளைகோடு வரும். 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையே உள்ள தூரம் 2-க்கும் 3-க்கும் இடையே இருக்காது. எண் இரட்டித்தால் எத்தனாலும் இரட்டித்தது என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்பது அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்துவிடும். இனி தெரியாத கரைசல் எந்த எண்ணைக் காட்டினாலும் கோட்டில் போய்ப் பொருத்தி, கீழே இறங்கிச் சதவீதத்தைப் படிக்கலாம்.

தராசு சொல்லும் சாட்சி

இப்போது சோதனை. 200 மில்லி தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கரி ஈஸ்ட். வாயில் பஞ்சு அடைப்பு. இறுக்கி மூடக் கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும்.

1815-இல் பிரெஞ்சு வேதியியலர் கே-லுசாக் இந்த மாற்றத்துக்கு ஒரு கணக்கு எழுதினார்: ஒரு குளுக்கோஸ் உடைந்தால் இரண்டு எத்தனால், இரண்டு கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோஸுக்கு 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. நம் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிணைந்தது. ஈஸ்ட்டே அதைப் பிரித்துக்கொள்ளும். 10 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் அதிகபட்சம் 5.4 கிராம் எத்தனால் கிடைக்கும், 5.1 கிராம் வாயு வெளியேறும். எத்தனாலைக் கன அளவில் சொன்னால் ஏறக்குறைய 6.8 மில்லி, 200 மில்லியில் 3.4 சதவீதம். சென்சார் 5 சதவீதம் என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, அல்லது நாம் எங்கோ கோட்டைவிட்டிருக்கிறோம். இல்லாத சர்க்கரையிலிருந்து எத்தனால் வராது. இந்த உச்சவரம்பை முதலிலேயே கணக்குப் போட்டு நோட்டில் எழுதச் சொல்வேன்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். வெளியே போகும் ஒவ்வொரு கிராம் வாயுவுக்கும் உள்ளே 1.05 கிராம் எத்தனால் தங்குகிறது. அப்படியென்றால் புட்டியை நிறுத்துக்கொண்டே வந்தால் போதுமே! 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காலையில் நிறு, சாயங்காலம் நிறு. புட்டியை ஆட்டிக் கரைந்திருக்கும் வாயுவையும் விரட்டிவிட்டு நிறு. 200 மில்லியில் கால் கிராம் வாயு கரைந்தே நிற்கும். பலூன் மாட்டக் கூடாது, வாயு பலூனிலேயே இருந்தால் எடை கணக்கு கெட்டுவிடும்.

குறைந்த எடையிலிருந்து ஒரு விடை, சென்சாரிலிருந்து ஒரு விடை. இரண்டும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அதுதான் அன்றைய பாடம். தாட்சண்யம் இல்லாமல் சொல்கிறேன், பல தடவை தராசின் விடைதான் கணக்குக்கு அருகில் நிற்கும். வெப்பமும் ஈரமும் அதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. சென்சாரின் பலம் வேறு: 20 மில்லி இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும், முந்தைய எடை தெரியாத திரவத்தையும் கேட்கலாம்.

சர்க்கரைக்குப் பதில் பாபநாசம் வட்டத்து வீரமாங்குடிப் பக்கம் காய்ச்சும் அச்சுவெல்லத்தைப் போட்டு இதையே செய்யலாம். வெல்லத்தில் தாது உப்பும் இருப்பதால் ஈஸ்ட்டுக்குத் தீனி கூடுதல். சர்க்கரையா வெல்லமா என்ற போட்டியைச் சென்சாரும் தராசும் சேர்ந்து தீர்த்துவைப்பதைப் பார்க்கும்போது, பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த நொதித்தல் பிள்ளைகளுக்கு உயிரோடு தெரியும்.

இந்தச் சோதனை ஒரு பெற்றோர் கூட்டத்தில் என்னை மாட்டிவிட்டது. “சார், பசங்களுக்குச் சாராயம் காய்ச்சக் கத்துக்குடுக்குறீங்களாமே?” என்று ஓர் அம்மா எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. கள்ளுக்கே தடை உள்ள மாநிலம் இது. அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடங்குவதில்லை. ஒரு குழுவுக்கு 200 மில்லிக்கு மேல் கிடையாது. காய்ச்சி வடிப்பது என்ற பேச்சே இல்லை. வாயில் வைப்பது இல்லை. அளந்து முடித்ததும் சோப்புத் தண்ணீரைக் கலந்து ஆசிரியர் கண் முன்னால் கொட்டியாக வேண்டும். “அப்ப கணக்குப் பாடம்னு சொல்லுங்க சார்” என்று அந்த அம்மா உட்கார்ந்தார். அவர் சொன்னது சரிதான்.

சோறு ஏன் சும்மா இருக்கிறது?

நெல்நாட்டில் இருந்துகொண்டு சர்க்கரையோடு நிறுத்தினால் எப்படி? வடித்த சோற்றை மசித்து, தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் போட்டு வையுங்கள். சென்சார் அசைவதே அரிது. அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. அதைக் கடிக்க ஈஸ்ட்டுக்குப் பல் இல்லை. மாவை முதலில் சர்க்கரையாக வெட்ட வேண்டும்.

வெட்டும் கத்தி எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் முழிப்பார்கள். பதில் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. நாற்றங்காலுக்கு விதைநெல்லைச் சாக்கோடு ஊறப்போட்டு, எடுத்து இருட்டில் வைத்து முளைகட்டுகிறோமே, அந்த முளைவிட்ட நெல்தான். முளை வளரத் தீனி வேண்டுமென்று நெல் தானே அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து உள்ளிருக்கும் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய நெல்லைக் காயவைத்து, இடித்து, வெதுவெதுப்பான சோற்றுக் கரைசலில் கலந்து சில மணி நேரம் வைத்துவிட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட் போடுங்கள். இப்போது எண் ஏறும். அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தால் கருநீலம் வெளிறிப்போவது தெரியும்; மாவு குறைந்ததற்கு அது சாட்சி.

ஜப்பானியர்கள் சாக்கே செய்ய இதே வெட்டும் வேலையை ஒரு பூஞ்சையிடம் ஒப்படைக்கிறார்கள். இன்றைய தானிய எத்தனால் ஆலைகள் நொதிகளை வாங்கி ஊற்றுகின்றன. அந்த ஆலைகளின் எத்தனால்தான் பெட்ரோல் பங்க்கில் நம் வண்டிக்குள் போகிறது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை 2030-க்குள் எட்ட வேண்டும் என்றது. 2022-இல் அதைத் திருத்தி 2025-26 என்று முன்னே கொண்டுவந்தார்கள். கரும்பு மட்டும் போதாமல் மக்காச்சோளமும் குருணை அரிசியும் ஆலைக்குப் போயின. 2023 ஜூலையில் அரிசி விலையை நினைத்து இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசியை ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு மறுபடி திறந்தார்கள். ஒரு கிலோ அரிசியிலிருந்து ஏட்டுக் கணக்கில் அரை லிட்டருக்குச் சற்று மேல் எத்தனால் வரும். ஆலையில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது. உணவா எரிபொருளா என்று பத்திரிகையில் நடக்கும் வாதத்தின் அடியில் உள்ள எண்ணை, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் புட்டியில் போட்டுப் பார்க்க முடியும் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சோறு என்றதும் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: “பழைய சோத்துல போதை இருக்கா சார்? குடிச்சா கிறக்கமா வருதே!” வாயால் பதில் சொல்லாமல் மூன்று புட்டி வைக்கச் சொல்வேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் அன்றைய வடிகஞ்சி ஆறியது, ஒன்றில் ராத்திரி ஊறிய நீராகாரம். மூன்றிலும் எண் ஏறும், ஈரத்தால். நீராகாரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஏறலாம். உடனே “போதை இருக்கு!” என்று கூச்சல் போடுவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். பழைய சோற்றைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு. அவற்றில் சில வகை துளியளவு எத்தனாலையும் விடும். கூடவே மணமுள்ள வேறு பல ஆவிகளும் வரும். சென்சாருக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கூடுதலாக ஏறிய அந்தக் கொஞ்சத்தில் எத்தனால் எவ்வளவு என்று தீர்ப்பளிக்க கேஸ் குரோமட்டோகிராபி மாதிரி ஆவிகளைப் பிரித்து நிறுத்தும் கருவி வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது பேசப்பட்டதும் அந்த நல்ல பாக்டீரியாக்களைப் பற்றித்தான். விடியலில் எழுந்து வயலில் நின்றுவிட்டு வயிறு முட்டப் பழையது குடித்தவனுக்கு வரும் தூக்கத்துக்குச் சாராயத்தின் மேல் பழி போடத் தேவையில்லை.

ஆள் மாறாட்டம்

பிரித்துப் பார்க்கத் தெரியாத குணம் சோதனைச்சாலைக்கு வெளியே ஆபத்தாகவும் மாறும். எம்.கியூ-3-க்கு முன்னால் சானிடைசரைக் காட்டுங்கள், சென்ட் பாட்டிலைக் காட்டுங்கள், நெயில் பாலிஷ் துடைக்கும் அசிட்டோனைக் காட்டுங்கள், எல்லாவற்றுக்கும் கூவும். மெத்தனாலுக்கும் கூவும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் அதுவே. எத்தனாலா மெத்தனாலா என்று இந்தச் சென்சார் ஒருநாளும் சொல்லாது. ‘விஷச்சாராயம் கண்டுபிடிக்கும் கருவி’ என்று எந்த மாணவனாவது இதை வைத்துக் கண்காட்சிக்கு வந்தால், பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று முதல் ஆளாக நான் தடுப்பேன்.

போலீஸ்காரர் சாலையில் ஊதச் சொல்லும் கருவி பெரும்பாலும் வேறு ஜாதி. அதில் பிளாட்டினம் மின்முனைகள் உள்ள எரிபொருள் கலம் இருக்கும். மூச்சில் உள்ள எத்தனால் அங்கே அசிட்டிக் அமிலமாக ஆக்சிகரணம் அடையும்போது வரும் மின்னோட்டமே அளவு. 1954-இல் அமெரிக்காவில் ராபர்ட் போர்கன்ஸ்டீன் செய்த முதல் பிரெத்தலைசரில் பொட்டாசியம் டைகுரோமேட் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறுவதைப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் அந்த நிறமாற்றத்தைப் பார்க்காத பிள்ளை கிடையாது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ரத்தத்துக்கும் மூச்சுக்கும் உள்ள விகிதத்தை 2100-க்கு 1 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்படி மூச்சில் லிட்டருக்கு 0.14 மில்லிகிராம். நம் 3 சதவீதப் புட்டியின் மேற்காற்றில் இருப்பது அதைப்போல ஏறத்தாழ 45 மடங்கு. ஹெல்மெட் மாணவனிடம் நான் எதிர்பார்ப்பது இந்த 0.14-ஐத்தான். அந்த அளவு ஆவியைத் தயாரித்துக் காட்டி, அதில் அலறி, அதற்குக் கீழே அலறாமல் இருந்தால் எழுந்து நின்று கைதட்டுவேன்.

நோட்டில் எழுத வேண்டியவை

இதைப் படித்துவிட்டுச் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டொரு சொல். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தால் நடமாடும் அறிவியல் பொருள்கள் நம் நடுநிலைப் பள்ளிகளுக்கே வருகின்றன. செலவு பெரிதல்ல, பழக்கம்தான் பெரிது. சென்சார் காட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அப்போதைய வெப்பம், வெறுந்தண்ணீர்ப் புட்டி காட்டிய எண், தராசு சொன்ன எடை. அந்த மூன்றும் இல்லாத எண்ணை அடித்துவிடச் சொல்லுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். பிறகு நீங்கள் கேட்காவிட்டாலும் அவர்களே தெர்மாமீட்டரைத் தேடுவார்கள்.

செய்துபார்க்க ஒரு வேலையும் தருகிறேன். ஆடுதுறை ரகம் ஒன்று, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என மூன்று விதைநெல்லை ஒரே நாளில் முளைகட்டி, ஒரே எடை எடுத்து இடித்து, ஒரே அளவு சோற்றுக் கரைசலில் கலந்து, எது அதிகம் மாவை வெட்டியது என்று தராசையும் சென்சாரையும் கேளுங்கள். நெல்லின் வயது, ஊறிய நேரம், முளையின் நீளம் என்று எதையெல்லாம் சமமாக வைக்க வேண்டும் என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை வரும். விலக்கிவிட அவசரப்படாதீர்கள், சோதனை அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.